தெரிந்தெடுத்தது யார்?



நம்முடைய சபைகளில் ஒரு வருஷத்தில் எத்தனை தடவை ஆட்களைப் பொறுப்புக்கு வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கமிட்டிக்கு ஏழு பேர், கணக்குக்கு ஒருவர், ஞாயிறு பள்ளிக்கு இரண்டு சகோதரிகள், வாலிபர் கூட்டத்துக்கு ஒரு தம்பி, சவுண்ட் சிஸ்டத்துக்கு ஒரு ஆள், கன்வென்ஷன் பந்திக்கு ஒரு ஆள். இதைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குக் குறைவில்லை. தெரிந்தெடுத்தோம், நியமித்தோம், ஏற்படுத்தினோம், அமர்த்தினோம், நிறுத்தினோம், போட்டோம், வச்சோம். எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒன்றில்லை. சொல் மாறினால் பாரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிவிடுகிறது. சில சொற்களில் அது யார் தோளிலும் இல்லாமலே போய்விடுகிறது. இந்த மாதம் அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வாஞ்சிக்கிறேன்.

முதலில் நம் வாயில் தினமும் வருகிற சொற்களைப் பாருங்கள். "என்னை செகரட்டரியா போட்டாங்க" என்கிறோம். கோலமும் போடுகிறோம், குப்பையும் போடுகிறோம், ஆளையும் போடுகிறோம். யார் போட்டது என்று கேட்டால் பதில் கிடையாது. 'போட்டாங்க', அவ்வளவுதான். அடுத்து 'நிறுத்து'. "எலெக்ஷன்ல அவரை நிறுத்தினாங்க" என்றால் ஆள் உயர்ந்துவிட்டார். "வேலையிலிருந்து நிறுத்தினாங்க" என்றால் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரே சொல்தான். 'பொறுக்கு' என்பது இன்னும் வேடிக்கை. பொறுக்கி எடுத்த ஆட்கள் என்றால் பெருமை, வெறும் பொறுக்கி என்றால் வசவு. நம் அம்மாமார் சுளகில் அரிசியைப் பரப்பிப் பொறுக்கும்போது கையில் வருவது கல்தான், அரிசி சுளகிலேயே கிடக்கும். சில கமிட்டிகளைப் பார்க்கும்போது இந்தச் சுளகு எனக்கு ஞாபகம் வரும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்!

'அமர்த்து' என்றால் உட்கார வைப்பது. ஆனால் நடைமுறையில் கூலிக்கு ஆள் பிடிப்பதற்குத்தான் அந்தச் சொல் அதிகம் வழங்குகிறது. வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துகிறோம், வக்கீலை அமர்த்துகிறோம். 'நியமி' என்பது அதிகாரத்தின் சொல். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்கு இடம் குறித்துக் கொடுப்பது. அரசாங்க வேலைக்கு நியமன உத்தரவு வருகிறது, தேர்தல் உத்தரவு என்று யாருக்கும் வருவதில்லை. புதுச்சேரி சட்டசபையில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்களோடு மூன்று பேர் வரை நியமன உறுப்பினர்களும் உண்டு. 2017ல் மத்திய அரசு அப்படி மூன்று பேரை நியமித்தபோது பெரிய வழக்கே நடந்து, 2018ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரே மன்றத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும், எந்த வினைச்சொல் வழியாக வந்தார் என்பதற்காக ஜனங்கள் கோர்ட் வரைக்கும் போகிறார்கள். நாமோ சபையில் இந்தச் சொற்களை உப்பும் சர்க்கரையும் போல ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறோம்.

இனி 'தேர்', 'தெரி' என்கிற இரண்டு வேர்கள். பரீட்சைக்கும் தேர்வு என்கிறோம், ஆளை எடுப்பதற்கும் தேர்வு என்கிறோம். கைதேர்ந்த தச்சன் என்றால் பல வருஷம் உளி பிடித்துப் பழகிய கை என்று அர்த்தம். ஆகவே தமிழில் தேர்தல் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பரீட்சை உட்கார்ந்திருக்கிறது. 'தெரி' என்றால் கண்ணுக்குத் தெரிவது, மனதுக்குத் தெரிவது, பிறகு அதிலிருந்து எடுப்பது. தெரிந்து, அப்புறம் எடு. வரிசை மாறினால் சொல்லே உடைந்துபோகும். எடுத்துவிட்டு அப்புறம் தெரிந்துகொள்வதற்குத் தமிழில் ஒரு சொல்லும் இல்லை, அதற்கு ஏமாறுதல் என்று பேர். திருவள்ளுவரும் ஆளை வேலைக்கு வைப்பதைப் பற்றிச் சொன்ன இரண்டு அதிகாரங்களுக்கும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று தெரிதலை முன்னால் வைத்தே தலைப்புக் கொடுத்திருக்கிறார்.

இப்போது வேதத்துக்கு வருவோம். நம் கையில் இருக்கிற தமிழ் வேதாகமம் 1871ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதில் ஆளை எடுப்பதற்கு அநேக இடங்களில் 'தெரிந்துகொள்' என்ற சொல்தான் வருகிறது. அந்தக் காலத்தில் அதற்கு தெரிந்தெடுப்பது என்றே பொருள். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. ஞாயிறு பள்ளியில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை வாசித்தபோது எட்டாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான்: "சார், ஏழு பேரைத் தெரிஞ்சுக்கோங்கன்னா, அவங்ககூட பழகிப் பாக்கச் சொல்றாங்களா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாத்தியாராக இருந்தால் மார்க் குறைப்பேன், விசுவாசியாக முழு மார்க்கும் கொடுப்பேன்! உண்மையில் அந்த வசனத்தில் (அப். 6:3) மூலபாஷையில் இருக்கிற கிரேக்கச் சொல், நன்றாகப் பார்ப்பது, விசாரித்துப் பார்ப்பது என்கிற பொருளை உடையது. பையன் தெரியாமலே வேரைத் தொட்டுவிட்டான்.

அந்த அதிகாரத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள், பிரியமானவர்களே. எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு. கிரேக்க பாஷை பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர் பன்னிருவரும் சபையாரைக் கூப்பிட்டு, உங்களுக்குள்ளே ஏழு பேரை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் ஏற்படுத்துகிறோம் என்ற கருத்தில் பேசுகிறார்கள். இரண்டு வினைச்சொல், இரண்டு எழுவாய். தெரிந்துகொள்கிறவர்கள் ஜனங்கள். ஏற்படுத்துகிறவர்கள் அப்போஸ்தலர். ஏற்படுத்துவது என்றால் ஒரு காரியத்தை உண்டாக்கி நிலைநிறுத்துவது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறோமே, அந்த ஏற்பாடும் இதே குடும்பம்தான். ஜனங்கள் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அப்போஸ்தலர் ஜெபித்துக் கைகளை வைத்தார்கள். யார் எதைச் செய்தார் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பந்தியில் குறைவு யாருக்கு ஏற்பட்டதோ, அந்தப் பக்கத்து ஆட்களின் பெயர்களாகவே தோன்றுகிறது. எபிரெய பாஷைக்காரரும் சேர்ந்துதான் அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். நம்முடைய ஊரில் ஒரு தெருக்காரர்கள் சாப்பாடு வரவில்லை என்று புகார் சொன்னால் பந்திப் பொறுப்பை அந்தத் தெருவுக்கே கொடுத்துவிடுவோமா? யோசித்துச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "பிரதர், இதெல்லாம் எலெக்ஷன் பேச்சு. நம்முடைய சபை ஆவியானவர் நடத்துகிற சபை. இங்கே மனுஷன் தெரிந்தெடுக்கிறதில்லை, கர்த்தர் தெரிந்தெடுக்கிறார்." ஆமென், நானும் அதை விசுவாசிக்கிறேன். தாவீதை ஈசாய் கூட மறந்துபோனான், கர்த்தர் மறக்கவில்லை. எபேசு சபை மூப்பர்களைப் பார்த்து, உங்களைக் கண்காணிகளாக வைத்தவர் பரிசுத்த ஆவியானவர் என்றுதான் பவுல் சொல்கிறார் (அப். 20:28). ஆனால் கர்த்தர் தெரிந்தெடுத்தார் என்பதை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். பழைய பொருளாளர் மாற்றலாகிப் போனபின், முக்கியமான நான்கு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு சகோதரனை முடிவு செய்தார்கள். அவரிடம் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனையில் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள். "கர்த்தர் இந்தச் சகோதரனை இந்த ஊழியத்துக்குத் தெரிந்தெடுத்திருக்கிறார்" என்றார்கள். சபை அல்லேலூயா சொன்னது. இரண்டு வருஷம் போயிற்று. கட்டட நிதிக் கணக்கில் இடித்தது. இட்லிக் கடை வைத்திருக்கிற ஒரு விதவைத் தாயார், மாதா மாதம் இருநூறு ரூபாய் கொடுத்து வந்தவர்கள், "கணக்கை ஒரு தடவை வாசிங்களேன்" என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்: "கர்த்தர் தெரிந்தெடுத்தவரையா கேள்வி கேக்கிறீங்க?" அந்த அம்மா அதற்குப்பின் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பொருளாளரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். திருடுகிற மனுஷன் இல்லை, நான் அறிவேன். அவர் சொன்னது என் மனதை விட்டு அகலவில்லை. "நான் கேக்கல அண்ணாச்சி. எந்திரிச்சு நில்லுங்கன்னாங்க, நின்னேன். எனக்குக் கணக்கு எழுதத் தெரியாது. என்னைக் கமிட்டி கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். கர்த்தர் தெரிஞ்செடுத்தார்னு மைக்ல சொன்னப்பறம், எனக்குக் கணக்கு வராதுன்னு யாருகிட்ட போய்ச் சொல்ல?"

பாருங்கள், ஒரு சொல் மூன்று பேர் வாயை அடைத்துவிட்டது. கேட்க வேண்டிய விதவையின் வாய். மறுக்க வேண்டிய சகோதரனின் வாய். பதில் சொல்ல வேண்டிய அந்த நான்கு பேரின் வாய். அவர்கள்தான் தெரிந்தெடுத்தார்கள் என்பது எந்த நோட்டிலும் இல்லை. அந்தச் சபையின் ரிஜிஸ்டரில் 'நியமிக்கப்பட்டார்' என்று எழுதியிருக்கிறது. தமிழ் வாத்தியாருக்கு அது செயப்பாட்டு வினை. வினை இருக்கும், பட்டவர் இருப்பார், செய்தவரைக் காணவில்லை.

வேண்டாம் என்று சொல்லுகிற உரிமையை வேதம் மரங்களுக்குக்கூடக் கொடுத்திருக்கிறது. யோதாம் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள் (நியா. 9). மரங்கள் ராஜாவைத் தேடிப் போனபோது ஒலிவமரம் மறுத்தது, அத்திமரம் மறுத்தது, திராட்சச்செடியும் மறுத்தது. ஒவ்வொன்றும் தனக்கு என்ன வேலை தெரியும் என்று அறிந்து அதைச் சொல்லியே மறுத்தது. மறுக்காமல் வந்தது முட்செடி. மறுக்க முடியாதபடி ஒருவரை எழுப்பி நிறுத்தினால், ஒலிவமரத்தையும் முட்செடியையும் நாம் எப்படிப் பிரித்து அறிவது?

எருசலேமில் கூடிய மூப்பரும் அப்போஸ்தலரும் புறஜாதி விசுவாசிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள் (அப். 15). யூதாவையும் சீலாவையும் தெரிந்தெடுத்து அதைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கடிதத்தில் தங்கள் தீர்மானத்தைச் சொல்லும்போது பரிசுத்த ஆவியானவருக்கு இது நலமாகக் கண்டது என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். நாமாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்போம், ஆவிக்குரிய கடிதமாகத் தெரியும். அவர்களோ 'எங்களுக்கும்' என்று தங்களையும் சேர்த்து எழுதினார்கள். பெந்தெகொஸ்தே நாளில் அக்கினிமயமான நாவுகளைக் கண்ட மனுஷர்களே அப்படி எழுதினார்கள். ஆவியானவரின் பெயரைச் சொன்னார்கள், அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அந்தியோகியாவிலும் அதே மாதிரி. பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடச் சொன்னவர் ஆவியானவர். ஆனால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று ஐந்து பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சத்தம் வந்த பிறகும் அவர்கள் மறுபடி உபவாசித்து ஜெபித்துத்தான் கைகளை வைத்தார்கள்.

பண விஷயத்தில் பவுல் நடந்துகொண்ட விதத்தை எண்ணும்போது எனக்கு வெட்கமும் ஆறுதலும் சேர்ந்து வரும். தமஸ்கு ரோட்டிலே கர்த்தரால் நேரடியாக அழைக்கப்பட்டவர் அவர். அவரைவிட நிச்சயமான தெரிந்தெடுப்பு யாருக்கு உண்டு? அப்படிப்பட்டவர் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூடவே வைத்துக்கொண்டார். ஒருவரும் நம்மைக் குற்றப்படுத்தக்கூடாது என்று காரணமும் எழுதினார் (2 கொரி. 8). அங்கே வருகிற கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் கையை நீட்டுவது. பழைய ஏதென்ஸ் பட்டணத்தில் கை உயர்த்தி ஓட்டுப் போடுவதற்கு அதே சொல் வழங்கியது. அதே சொல் அப்போஸ்தலர் 14:23லும் வருகிறது, அங்கே நம் வேதாகமம் 'ஏற்படுத்தி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. அந்த இடத்தில் எழுவாய் பவுலும் பர்னபாவும், ஆகவே சபையார் ஓட்டுப் போட்டார்கள் என்று நான் அடித்துப் பேச மாட்டேன். ஆனால் காணிக்கைப் பணம் என்று வந்தபோது சபைகள் தெரிந்தெடுத்தன என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

இதுவரை சொன்னது தெரியாமல் எடுத்ததைப் பற்றி. இதற்கு நேர் எதிரான ஒரு குறையும் நம்மிடத்தில் உண்டு. தெரிந்தும் எடுக்காமல் இருப்பது. ஒவ்வொரு சபையிலும் ஒரு அக்கா இருப்பார்கள். எங்கள் சபையிலும் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போவார்கள். எந்த வார்டில் யார், எந்தக் கட்டில், யாருக்குக் கூட இருக்க ஆள் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நம் சபையார் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு முதல் போன் அவர்களுக்குத்தான். பாஸ்டர் ஐயாவுக்கு அடுத்த போன். பதினெட்டு வருஷமாக நடக்கிறது. எந்தக் கமிட்டி லிஸ்டிலும் அவர்கள் பெயர் இல்லை. யாரும் அவர்களைத் தெரிந்தெடுக்கவில்லை, நியமிக்கவில்லை, ஏற்படுத்தவில்லை. பேச்சுக்கு 'போட்டாங்க' என்றுகூட யாரும் சொன்னதில்லை. "அவங்களா செய்றாங்க" என்போம். ஆட்டோ காசுக்கு நிதியிலிருந்து கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது, அவர்கள் எந்தப் பொறுப்பிலும் இல்லையே, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கில் தடுக்கியது.

பெபேயாளைப் பற்றி ரோமர் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுல் அந்தச் சகோதரிக்குக் கொடுக்கிற கிரேக்கப் பட்டமும், பிலிப்பி சபையின் பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கிற பட்டமும் ஒரே சொல்தான். நம் தமிழில் பிலிப்பியில் 'உதவிக்காரர்' என்று வருகிறது, பெபேயாளுக்கு 'ஊழியக்காரி' என்று வருகிறது. இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் ஒன்று சபைப் பொறுப்பின் பெயராகக் காதில் விழுகிறது, மற்றது வேலை செய்கிறவளின் பெயராகக் காதில் விழுகிறது. ஆஸ்பத்திரி அக்காவுக்கு ஒரு பெயர் வைக்க நமக்கு ஏன் பதினெட்டு வருஷம் போதவில்லை என்று கேட்டால், சொல் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, இத்தனை சிக்கல் எதற்கு, சீட்டுப் போட்டு எடுத்துவிடலாமே என்கிறவர்களும் உண்டு. சீட்டு வேதத்தில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், அதாவது வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபையார் எல்லாரும் கூடியிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இல்லை என்று எல்லாரும் காண வேண்டுமே! அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண சபை, மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதை மறைத்துப் புகழ நான் வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்பே பாதிக்குமேல் வேலை முடிந்துவிட்டது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்தின மூன்று வருஷம் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை எழுதவே கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பெயரையும் எழுதக் கூடாது! இதை நம் சபைகளில் அமல்படுத்தினால் எத்தனை கமிட்டிகள் மிஞ்சும் என்று நான் சொல்லப் போவதில்லை.

மேல்வீட்டறையிலும் அதுதான் நடந்தது (அப். 1). யூதாசின் இடம் காலியாயிருந்தது. ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்தார்கள். யோவானின் ஸ்நானம் தொடங்கி கர்த்தர் பரமேறின நாள்வரை நம்மோடு கூடவே இருந்தவராக வேண்டும் என்று பேதுரு தகுதியைச் சொன்னார். அந்தத் தகுதிப்படி இரண்டு பேரை அவர்களே பார்த்து நிறுத்தினார்கள். பிறகு ஜெபம். கடைசியில்தான் சீட்டு. நூற்றிருபது பெயரையும் எழுதிப் போட்டுவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கவில்லை. தங்களால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவும் தெரிந்துகொண்டார்கள். இருதயத்துக்குள் பார்க்கிற வேலையை மட்டும் இருதயங்களை அறிந்தவரிடம் விட்டார்கள்.

வருஷக் கூட்டம் அநேக சபைகளில் நெருங்குகிறது. மினிட்ஸ் நோட்டில் 'நியமிக்கப்பட்டார்' என்று எழுதுவதற்குப் பதிலாக, இன்னார் முன்மொழிந்தார், இன்னார் இத்தனை வருஷமாக இவரை அறிவார், இவரிடம் கேட்டு இவர் சம்மதித்தார், சபையாகிய நாங்கள் ஜெபத்தோடு தெரிந்தெடுத்தோம் என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். நான்கு வரியில் பேனா எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தில் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஒருவர்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்க வேண்டாம் என்று தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஆலோசனை நமக்கும்தான்.

கூட்டத்தில் எடுபடாமல் போகிற பெயர்களும் இருக்கும். அவர்களுக்கு நம் பாஷையில் நல்ல சொல்லே இல்லை என்பது எனக்கு வெகுநாளாக வருத்தம். தோற்றவர் என்கிறோம், விடப்பட்டவர் என்கிறோம், இன்னும் மோசமாகத் தள்ளப்பட்டவர் என்கிறோம். மேல்வீட்டறையில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மத்தியா. இன்னொருவர் யோசேப்பு, பர்சபா என்றும் அழைக்கப்பட்டவர், யுஸ்து என்று மறுநாமமும் உண்டு. மூன்று பெயர் உள்ள மனுஷன், மூன்று வருஷத்துக்கு மேல் கர்த்தரோடு நடந்தவர், நூற்றிருபது பேர் முன்னால் எழுந்து நின்றவர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. அதற்குப் பிறகு மத்தியாவின் பெயரை வேதம் மறுபடி சொல்லவில்லை, இந்த யுஸ்துவின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் சீட்டு விழுந்ததும் யுஸ்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாக எங்கும் எழுதியில்லை. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் பெந்தெகொஸ்தே நாள், எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள்.